மறைநூலும் மறைபொருளும்: சமய மர்மத் திரைப்படங்களின் கதைக்கட்டமைப்பும் தமிழக வரவேற்பும்

ஆய்வுச்சுருக்கம்

திருநூல் ஒன்றுக்குள் ஒரு செய்தி மறைந்து கிடக்கிறது. அதைக் கண்டறிபவன் உலகின் போக்கை அறிவான் என்னும் கருத்தை மையமாகக் கொண்ட மர்மத் திரைப்படங்கள் கடந்த கால் நூற்றாண்டில் பெருகியுள்ளன. அவற்றுள் 'தி ஓமேகா கோட்' (1999), 'தி டா வின்சி கோட்' (2006) ஆகிய இரண்டையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. மறைத்தல் என்னும் செயலைத் தமிழ் இலக்கண, இலக்கிய மரபு எவ்வாறு வகைப்படுத்தியுள்ளது என்பதை முதலில் விளக்கி, அவ்வகைப்பாட்டின் துணையால் இப்படங்களின் கட்டமைப்பை ஆராய்கிறது. பின்னர், இரண்டாவது படத்துக்குத் தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட தடையையும் அதனைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியதையும் முன்வைத்து, புனைவுக்கும் சமய நம்பிக்கைக்கும் இடையிலான எல்லை எங்கே அமைகிறது என்னும் வினாவுக்கு விடை காண முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மறை, கரந்துறைச் செய்யுள், காதைகரப்பு, திருமுறைகண்ட புராணம், நாடக வழக்கு, திரைப்படத் தடை, வரவேற்பு.

1. முன்னுரை

தமிழில் 'மறை' என்னும் சொல் ஒரே வேளையில் வேதத்தையும் மறைவையும் குறிக்கிறது. களவொழுக்கம் பிறர்க்குத் தெரியவருதலைத் தொல்காப்பியம் மறை வெளிப்படுதல் என்றே சுட்டுகிறது. ஆணையாகப் பிறக்கும் மந்திரத்தையும் அந்நூல் மறைமொழி என்று வரையறுக்கிறது. ஆக, திருநூல், மந்திரம், வெளிப்படாத காதல் ஆகிய மூன்றும் தமிழில் ஒரு வேரிலிருந்து கிளைத்தவை. திருநூல் என்றாலே அதற்குள் வெளிப்படாத ஒன்று உண்டு என்னும் எண்ணம் சொல்லிலேயே பொதிந்து கிடக்கிறது.

இவ்வெண்ணத்தையே முதலாகக் கொண்டு எழுந்தவை சமய மர்மப் படங்கள். இவற்றின் பொதுக் கதைப்போக்கு எளிது. ஓர் அறிஞர் கொலையுறுகிறார். அவர் விட்டுச்சென்ற குறிப்பு ஒன்று கதைத்தலைவனிடம் வந்து சேர்கிறது. அக்குறிப்பு ஒரு திருநூலின் மறைபொருளுக்கு வழிகாட்டுகிறது. அதனைக் கைப்பற்ற முனையும் ஆற்றல் மிக்க குழு ஒன்று அவனைத் துரத்துகிறது. இந்த ஒரே கதைப்போக்கைக் கொண்ட இரு படங்களுள் ஒன்றைச் சமய அமைப்புகள் தோள்மேல் தூக்கிச் சென்றன. மற்றொன்றைத் தடுக்குமாறு அரசுகளை வேண்டின. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் யாது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச்சிக்கல்.

2. மறைத்தலின் மூன்று வகை

தமிழ் மரபில் நூல்சார்ந்த மறைத்தலை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, ஏடு மறைதல். நூல் முழுவதும் ஓரிடத்தில் பூட்டப்பட்டுக் கிடந்து பின்னர் வெளிப்படுவது இது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்ளப்படும் திருமுறைகண்ட புராணம் இதற்குத் தலைசிறந்த சான்று. தில்லையில் மூவர் கையடையாளத்துடன் பூட்டிக்கிடந்த அறை, அதைத் திறக்க மூவரே வரவேண்டும் என்னும் நிபந்தனை, மூவர் திருவுருவங்களை அங்கு எழுந்தருளச் செய்து அந்நிபந்தனையை வேந்தன் நிறைவேற்றிய நுட்பம், புற்று மூடிய ஏடுகள், எஞ்சியவற்றை நம்பியாண்டார் நம்பி தொகுத்தல் என அதன் நிகழ்ச்சிகள் அமைகின்றன. இன்றைய மர்மக்கதையின் உறுப்புகள் பலவும் இப்புராணத்தில் உள்ளன.

இரண்டாவது, எழுத்தினுள் மறைதல். வெளிப்படையாகப் படிக்கக் கிடைக்கும் ஒரு பாட்டுக்குள் மற்றொரு பாட்டு எழுத்துநிலையில் ஒளிந்திருப்பது இது. தண்டியலங்காரம் எண்ணிக் காட்டும் பன்னிரு சித்திரகவிகளுள் காதைகரப்பு, கரந்துறைச் செய்யுள் ஆகியன இத்தகையவை. ஒரு செய்யுளை ஈற்றிலிருந்து ஓரெழுத்து இடைவிட்டு ஓரெழுத்தாகக் கொண்டு படிக்க வேறொரு செய்யுள் கிடைப்பது காதைகரப்பு. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள்ளேயே பிறிதொரு செய்யுளுக்குரிய எழுத்துகள் அடங்கிக் கிடப்பது கரந்துறைச் செய்யுள்.

மூன்றாவது, பொருள் மறைதல். சொற்கள் வெளிப்படையாக இருக்க, அவற்றின் பொருள் குழூஉக்குறியால் மூடப்பட்டிருப்பது இது. சித்தர் பாடல்களின் பரிபாடை இவ்வகையது. விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாடு விலங்குகள், முத்திரைகள், எண்கள் ஆகியவற்றால் பேசுவதும் இவ்வகையதே.

இம்மூன்றும் தம்முள் வேறானவை. முதல் வகையில் நூலின் இருப்பே மறைபொருள்; இரண்டாம் வகையில் எழுத்தின் அடுக்கு மறைபொருள்; மூன்றாம் வகையில் சொல்லின் பொருள் மறைபொருள். சமய மர்மப் படங்கள் இவற்றுள் எந்த வகையைத் தேர்கின்றன என்பதைப் பொறுத்தே அவற்றின் வரவேற்பும் அமைகிறது.

3. எழுத்தினுள் மறைதல்: 'தி ஓமேகா கோட்'

அமெரிக்காவில் 1999 அக்டோபரில் வெளிவந்த 'தி ஓமேகா கோட்' படத்தை ராப் மார்கரெல்லி இயக்கினார். காஸ்பர் வான் டீன், மைக்கேல் யார்க் ஆகியோர் நடித்தனர். எபிரேய மொழியிலுள்ள தோராவின் எழுத்துகளுக்குள் இறுதிக்காலம் பற்றிய முன்னறிவிப்பு ஒளிந்துள்ளது என்பதே படத்தின் மையக்கருத்து. அதனைக் கைப்பற்றியவன் உலகை ஆளமுயலும் தலைவனாக உருவெடுக்கிறான். எழுத்துக் கணக்கில் இரண்டாம் வகையையும், திருவெளிப்பாட்டு நூலின் உருவகங்களைக் கதைமாந்தராக்கியதில் மூன்றாம் வகையையும் இப்படம் பயன்படுத்துகிறது.

இக்கருத்து படத்தின் கற்பனையன்று. டோரன் விட்ஸ்டம், எலியாகு ரிப்ஸ், யோவாவ் ரோசன்பர்க் ஆகிய மூவர் 1994ஆம் ஆண்டு புள்ளியியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டனர். தொடக்கநூலின் 78,064 எபிரேய எழுத்துகளை இடைவெளியின்றி ஒரே வரிசையாக எழுதி, சம இடைவெளியில் எழுத்துகளைத் தேர்ந்தால், பிற்கால யூத அறிஞர்களின் பெயர்களும் அவர்களுடைய பிறப்பு, இறப்பு நாள்களும் அருகருகே அமைவதாக அவர்கள் கூறினர். இதனை மைக்கேல் டிராஸ்னின் 1997ஆம் ஆண்டு மக்கள்நூலாக விரித்து எழுதினார். இஸ்ரேல் பிரதமர் இட்சாக் ராபின் 1995ஆம் ஆண்டு கொலையுண்டதும் அவ்வெழுத்துகளில் முன்னரே பொறிக்கப்பட்டிருந்தது என்பது அவர் வாதம்.

இதற்கு மறுப்பும் அதே புள்ளியியல் ஆய்விதழில் 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரண்டன் மெக்கே, டிரோர் பார் நாத்தன், மாயா பார் ஹில்லெல், கில் கலாய் ஆகியோர் எழுதிய அக்கட்டுரை ஓர் அடிப்படையான குறையைச் சுட்டியது. ஓர் அறிஞருக்குப் பல பெயர்வடிவங்களும் பட்டங்களும் உண்டு. நாளைக் குறிக்கும் முறையும் பல. இவற்றுள் எதைத் தேர்வது என்பதில் ஆய்வாளர்க்கு உரிய நெகிழ்ச்சியே விந்தையான முடிவை விளைவிக்கப் போதுமானது. 'போரும் அமைதியும்' புதினத்தின் எபிரேய மொழிபெயர்ப்பிலும் அத்தகைய முடிவைப் பெறமுடியும் என்று அவர்கள் காட்டினர். 'மோபி டிக்' என்னும் ஆங்கிலப் புதினத்தில் தலைவர்கள் பலரின் கொலைகளையும் மெக்கே இம்முறையிலேயே 'கண்டெடுத்தார்'.

இங்கே தமிழ்ச் சித்திரகவி மரபு ஒரு தெளிவான அளவுகோலைத் தருகிறது. காதைகரப்பில் எழுத்தைத் தேரும் விதி பாட்டுக்கு முன்னரே இலக்கண நூலில் நிற்கிறது. ஓரெழுத்து இடைவிட வேண்டும் என்றால் ஓரெழுத்துதான்; எங்கிருந்து தொடங்குவது என்பதும் முடிவானது. அவ்விதியின்படி படித்தால் கிடைப்பது தனிச்சொல் அன்று. யாப்பமைதியும் பொருள்முடிபும் உடைய முழுச்செய்யுள். ஒளித்து வைத்தவர் கவிஞர் என்பதில் எவருக்கும் ஐயம் எழாது. விவிலிய எழுத்துக் கணக்கிலோ இடைவெளி ஐந்தாகவும் இருக்கலாம், ஐயாயிரமாகவும் இருக்கலாம். எது பொருந்துகிறதோ அதுவே விதியாகிறது. கிடைப்பதும் சொற்களும் நாள்களுமே. தொடர்ந்து செல்லும் உரையன்று. விதி முன்னே நின்று பொருள் பின்னே வருவது சித்திரகவி. பொருளை முன்னே வைத்துக்கொண்டு விதியைப் பின்னே தேடுவது எழுத்துக் கணக்கு. முன்னதில் கவிஞரின் கருத்தும், பின்னதில் தேடுபவரின் விருப்பமும் வெளிப்படுகின்றன.

மேலும், எழுத்துக் கணக்கு நிலைபெற வேண்டுமாயின் மூலபாடம் ஓரெழுத்தும் மாறாமல் வந்திருத்தல் வேண்டும். புள்ளியிடாமலும், எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு காட்டாமலும் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளிலிருந்து பாடம் தெரிந்த தமிழ்ப் பதிப்பாசிரியர் எவரும் இந்த எதிர்பார்ப்பை ஏற்கமாட்டார். ஓரெழுத்து கூடினாலோ குறைந்தாலோ அதற்குப்பின் வரும் கணக்கு முழுவதும் சிதையும். எபிரேய விவிலியத்தின் பழஞ்சுவடிகளுக்கு இடையிலும் எழுத்துக்கூட்டு வேறுபாடுகள் உள்ளன என்பதைச் சாக்கடல் சுருள்கள் காட்டியுள்ளன.

இத்தகைய வலுவிழந்த அடிப்படையைக் கொண்டிருந்தும் 'தி ஓமேகா கோட்' வணிகநிலையில் எதிர்பாராத வெற்றி பெற்றது. திறனாய்வாளர்கள் அதனைப் புறக்கணித்தனர். ஆயினும் கிறித்தவத் தொலைக்காட்சி வலையமைப்பும் திருச்சபைக் குழுக்களும் பரப்பியதால் முதல் வார இறுதியிலேயே அமெரிக்க வசூல் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் அது வந்தது. 2001ஆம் ஆண்டு அதன் தொடர்ச்சியாக 'மெகிதோ' என்னும் படமும் வெளிவந்தது. திருநூலுக்குள் கொலை, சூழ்ச்சி, மறைகுறி என எதைப் புகுத்தினாலும், திருநூல் உண்மையானது என்னும் முடிவுக்குப் படம் வந்து சேர்ந்ததால் நம்பிக்கையாளர்க்கு அது இடறலாகவில்லை.

4. ஏடு மறைதல்: 'தி டா வின்சி கோட்'

டான் பிரவுன் 2003ஆம் ஆண்டு எழுதிய புதினத்தைத் தழுவி ரான் ஹோவர்ட் இயக்கிய 'தி டா வின்சி கோட்', 2006 மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. இயேசு மகதலா மரியாவை மணந்தார், அவர்களுக்கு வழித்தோன்றல் உண்டு, அவ்வுண்மையைத் திருச்சபை மறைத்தது, மறைவான சங்கம் ஒன்று அதனைக் காத்துவந்தது என்பது கதையின் கருத்து. இது ஏடு மறைதல் வகையைச் சார்ந்தது. நற்செய்திகள் நான்கு மட்டுமல்ல, பல இருந்தன, அவை ஒடுக்கப்பட்டன என்னும் வாதத்தின்மேல் கதை நிற்கிறது.

வரலாற்றுநிலையில் இவ்வாதத்தின் ஒரு பகுதிக்கு ஆதாரம் உண்டு. எகிப்தின் நாக் அம்மாதியில் 1945ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட காப்திய மொழிச் சுவடிகள், திருச்சபையின் ஏற்பைப் பெறாத நூல்கள் பலவற்றைத் தந்தன. அவற்றுள் ஒன்றாகிய தோமா நற்செய்தி, இயேசு கூறியனவாக 114 மொழிகளைக் கொண்டுள்ளது. அது தன்னை மறைமொழிகளின் தொகுப்பாகவே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. மயிலாப்பூரோடு மரபுவழித் தொடர்புடைய தோமாவின் பெயரால் அமைந்தமையால் தமிழ் ஆய்வாளர்க்கு அது தனி ஆர்வம் தருவது. ஆனால் அச்சுவடிகள் பதிப்பிக்கப்பட்டும் மொழிபெயர்க்கப்பட்டும் எவரும் படிக்கும் நிலையில் பல்லாண்டுகளாக உள்ளன. அவற்றில் இயேசுவின் வழித்தோன்றல் பற்றிய செய்தி இல்லை. கதை கூறும் மறைவான சங்கமோ 1956ஆம் ஆண்டு பிரான்சில் பியேர் பிளான்டார் என்பவரும் அவர் நண்பர்களும் பதிவுசெய்த அமைப்பு. அதன் பழைமைக்குக் காட்டப்பட்ட ஆவணங்கள் இருபதாம் நூற்றாண்டில் புனையப்பட்டவை.

திருமுறைகண்ட புராணத்தோடு ஒப்பிட்டால் இக்கதையின் இயல்பு மேலும் விளங்கும். இரண்டிலும் பூட்டிய அறை உண்டு, காவலர் உண்டு, திறப்பதற்குரிய புதிர் உண்டு. ஆனால் தில்லை அறை திறந்தபோது வெளிவந்தவை ஏற்கெனவே போற்றப்பட்ட மூவரின் பாடல்கள். அவற்றின் வெளிப்பாடு சமயத்தின் நூல்தொகையை நிறைவாக்கியது. பிரவுனின் அறை திறந்தால் வெளிவருவது, ஏற்கப்பட்ட நூல்தொகை பொய் என்னும் முடிவு. அறை திறக்கும் கதைகள் அனைத்தையும் சமயம் வெறுப்பதில்லை. திறந்தபின் தொகை நிறைகிறதா, குலைகிறதா என்பதையே அது நோக்குகிறது.

5. தமிழ்நாட்டுத் தடையும் தீர்ப்பும்

மத்தியத் திரைப்படத் தணிக்கை வாரியம் வயதுவந்தோர்க்கான சான்றிதழை இப்படத்துக்கு வழங்கியது. படம் கற்பனைப் படைப்பு என்னும் அறிவிப்பும் இடம்பெறச் செய்யப்பட்டது. எனினும் கிறித்தவ அமைப்புகள் சிலவற்றின் எதிர்ப்பை அடுத்து, பல மாநிலங்கள் திரையிடலைத் தடுத்தன. தமிழ்நாடு அரசும் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டித் தடைவிதித்தது. அதனை எதிர்த்துப் படத்தின் வெளியீட்டு நிறுவனமாகிய சோனி பிக்சர்ஸ் தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் 2006ஆம் ஆண்டு தடையை நீக்கித் தீர்ப்பளித்தார். அண்டை மாநிலமாகிய ஆந்திரப் பிரதேசத்தின் தடையையும் அவ்வாண்டே அம்மாநில உயர்நீதிமன்றம் நீக்கியது.

இத்தீர்ப்புகளுக்கு அடித்தளமாக அமைந்தது ஒரு தமிழ்ப்படம் பற்றிய வழக்கு. இடஒதுக்கீட்டைக் கருவாகக் கொண்ட 'ஒரே ஒரு கிராமத்திலே' படத்தின் சான்றிதழைச் சென்னை உயர்நீதிமன்றம் விலக்கியபோது, தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்சநீதிமன்றத்தை நாடினார். உச்சநீதிமன்றம் 1989ஆம் ஆண்டு அப்படத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மூன்று நெறிகள் அதிலிருந்து பெறப்படுகின்றன. முதலாவது, படத்தால் விளையும் என்று அஞ்சப்படும் தீங்கு தொலைவிலுள்ள ஊகமாக இருத்தலாகாது. வெடிமருந்தில் விழும் பொறிபோல் உடனடித் தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, படத்தை முழுமையாக நோக்கி, நிதானமுள்ள மனிதரின் நிலையிலிருந்து மதிப்பிட வேண்டும். மூன்றாவது, எதிர்ப்பவர் கூட்டத்தை அடக்க இயலாது என்று கூறி அரசு கருத்துரிமையைக் கைவிடலாகாது.

இந்நெறிகளின் ஒளியில் மாநிலம் தழுவிய தடையை நோக்கினால் அதன் குறை புலப்படும். சென்னைப் பெருநகரமும் ராயகிரி போன்ற மலையடிவாரப் பேரூரும் மக்கள்தொகை, சமயக்கலப்பு, திரைப்படம் காணும் வழக்கம் ஆகிய அனைத்திலும் வேறுபட்டவை. சட்டம் ஒழுங்கு என்பது இடம்சார்ந்த கணிப்பு. எங்கும் ஒரே அளவில் கலகம் விளையும் என்று கொள்வது கணிப்பாகாது. பார்ப்பவர் அனைவரையும் ஒரே உணர்ச்சியுடைய திரளாகக் கருதும் முன்முடிவாகும். 2013ஆம் ஆண்டு 'விஸ்வரூபம்' படத்துக்கு மாவட்ட ஆட்சியர்கள் ஒரே வேளையில் மாநிலமெங்கும் தடையாணை பிறப்பித்தபோதும் இவ்வினா மீண்டும் எழுந்தது.

6. புனைவின் எல்லை

தீர்ப்பு தடையை நீக்கியது; ஆனால் புண்பட்டவரின் முறையீடு முழுவதும் வெறுமையானது என்று கொள்ளுதல் தகாது. டான் பிரவுனின் புதினம் தொடக்கத்திலேயே தன் கதையில் வரும் சங்கமும் ஆவண விவரிப்புகளும் உண்மை என்று அறிவித்துக்கொள்கிறது. கற்பனை என்று திரையில் ஓர் அறிவிப்பு. உண்மை என்று நூலில் ஓர் அறிவிப்பு. இவ்விரண்டுக்கும் இடையே வாசகரும் பார்வையாளரும் நிறுத்தப்படுகின்றனர். சிறுபான்மைச் சமயத்தார் தம் வழிபாட்டின் நடுவம் இவ்வாறு ஐயத்துக்குள்ளாகும்போது வருந்துவது இயல்பே.

தமிழ்ப் பொருளிலக்கணம் இச்சிக்கலைத் தெளிவாக எதிர்கொள்கிறது. நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்னும் இரண்டும் இயைந்ததே புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியம் கூறும். இலக்கியம் முழுப்பொய்யும் அன்று. நிகழ்ச்சிப் பதிவும் அன்று. அகப்பாடல்களில் தலைவன் பெயர் சுட்டப்படாமைக்கும் இதுவே காரணம்: பெயர் சுட்டிய உடனே நாடக வழக்கு உலகியல் செய்தியாக, ஒருவரைப் பற்றிய கூற்றாக மாறிவிடுகிறது. சமய மர்மப் படங்கள் இவ்வெல்லையை வேண்டுமென்றே கலைக்கின்றன. உண்மையான நூல், உண்மையான கோவில், உண்மையான ஓவியம், உண்மையான அமைப்பு ஆகியவற்றின் பெயர்களைச் சுட்டி, அவற்றின் நடுவே நாடக வழக்கை வைக்கின்றன. பார்வையாளருக்குக் கிடைக்கும் சிலிர்ப்பும் நம்பிக்கையாளருக்கு உண்டாகும் வருத்தமும் ஒரே உத்தியின் இரு விளைவுகள்.

ஆகவே, எல்லையைத் தெளிவாக்கும் பணி எவருடையது என்னும் வினா எழுகிறது. தடை அப்பணியைச் செய்யாது. மறைக்கப்பட்ட உண்மை ஒன்று உண்டு என்னும் கதைக்கு அது வலுவே சேர்க்கும். மறைநூலைத் திருச்சபை மறைத்தது என்று கூறும் படத்தை அரசு மறைத்தால், படத்தின் கூற்றுக்கு அரசே சான்றளித்ததாகிவிடும். அறிவிப்பு அட்டையும் ஓரளவே உதவும். சுவடி வரலாறு, பாடவேறுபாடு, நூல்தொகை அமைந்த முறை ஆகியவற்றைப் பொதுமக்கள் அறியும் வகையில் எடுத்துரைப்பதே நிலைத்த மருந்து. தமிழ் விவிலியத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று. சீகன்பால்கின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு தரங்கம்பாடியில் அச்சேறத் தொடங்கியது 1714ஆம் ஆண்டு. அதிலிருந்து 1995ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வரை, ஒவ்வொரு சொல்தேர்வும் அச்சுநூல்களாக நம்முன் உள்ளது. ஒப்பிட்டுப் படிக்கக் கிடைக்கும் நூலில் மர்மத்துக்கு இடம் குறைவு. ஆய்வுக்கு இடம் மிகுதி.

7. முடிவுரை

இக்கட்டுரையின் ஆய்வுவழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

நூல்சார்ந்த மறைத்தல் ஏடு, எழுத்து, பொருள் என மூவகைப்படும். 'தி ஓமேகா கோட்' எழுத்துவகையையும் 'தி டா வின்சி கோட்' ஏட்டுவகையையும் அடிப்படையாகக் கொண்டவை.

எழுத்துக் கணக்கால் முன்னறிவிப்பைக் காணும் முறை, விதி முன்நிற்கும் சித்திரகவி மரபினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. தேடுபவரின் தேர்வையே அது மறைபொருளாகத் திருப்பித் தருகிறது.

சமய அமைப்புகளின் ஏற்பும் எதிர்ப்பும் படத்தின் புனைவுத்தன்மையையோ ஆதார வலிமையையோ பொறுத்து அமையவில்லை. மறைபொருள் வெளிப்பட்டபின் திருநூல்தொகை உறுதிபெறுகிறதா, குலைகிறதா என்பதைப் பொறுத்தே அமைந்தன.

தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட தடை, 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நெறிகளுக்கு முன் நிலைபெறவில்லை. எனினும் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் வேண்டுமென்றே கலக்கும் உத்தி எழுப்பும் அறச்சிக்கல், தடைநீக்கத்தோடு முடிந்துவிடவில்லை. அதனை எதிர்கொள்ளும் கருவிகள் சுவடியியலிலும் பாடத்திறனாய்விலும் பொருளிலக்கணத்திலும் உள்ளன. அவற்றைக் கல்விச்சுவர்களுக்கு வெளியே கொண்டுசெல்வது தமிழ் ஆய்வாளர் கடமையாகும்.